தொழிற்கொள்கையால் புதிய தொழில்நுட்பம் பிறக்குமா? தொடக்கநிலை வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

ஓர் அரசு, தன் நாட்டில் எந்தத் தொழில்கள் வளர வேண்டும் என்பதைத் தானே தேர்ந்தெடுத்து, பணத்தையும் சலுகைகளையும் சட்ட விதிகளையும் அவற்றின் பக்கம் திருப்பினால் அதைத் தொழிற்கொள்கை என்கிறோம். மானியம், குறைந்த வட்டிக் கடன், இறக்குமதி வரி, வரிச்சலுகை, அரசுக் கொள்முதல், அரசு ஆய்வுக்கூடம், காப்புரிமைச் சட்டத் திருத்தம் எனப் பல வடிவங்களில் அது வரும். எல்லாத் தொழில்களுக்கும் ஒருசேரப் பயன்படும் சாலையும் துறைமுகமும் பள்ளிக்கூடமும் பொதுவாக இந்தக் கணக்கில் சேர்வதில்லை. சிலவற்றை மட்டும் தேர்ந்து ஆதரிப்பதே இதன் இயல்பு. அப்படித் தேர்ந்தெடுக்கும் திறன் அரசுக்கு உண்டா, அந்தத் தேர்வினால் இதுவரை உலகில் இல்லாத தொழில்நுட்பம் பிறக்குமா என்பது பழைய விவாதம். அமெரிக்காவின் முதல் நிதியமைச்சரான அலெக்சாண்டர் ஹாமில்டன், பிரிட்டனின் ஆலைகளோடு போட்டியிட முடியாத தம் நாட்டு இளம் தொழில்களுக்கு அரசின் ஆதரவு வேண்டும் என்று 1791இல் காங்கிரஸுக்கு அறிக்கை அளித்தார். அந்த அறிக்கையின் மீது எழுந்த அதே கேள்விகள்தாம் இன்றைய சிப் ஆலை மானியங்களின் மீதும் எழுப்பப்படுகின்றன.

இந்த விவாதத்தில் இறங்கும் இரு தரப்பாரும் பெரும்பாலும் ஆளுக்கொரு பட்டியலை நீட்டுகிறார்கள். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில்தான் இயங்கத் தொடங்கியது. ஜிபிஎஸ் அமைப்பின் முதல் செயற்கைக்கோளை 1978இல் ஏவியதும் அதே துறைதான் என்பார் ஒருவர். பிரிட்டனும் பிரான்சும் பெரும் பொதுப்பணத்தைக் கொட்டி உருவாக்கிய கான்கார்ட் விமானத்தை அவ்விரு நாட்டு விமான நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் வாங்கவில்லை, 2003இல் அது பறப்பதே நின்றுபோயிற்று என்பார் மற்றவர். இரண்டு பட்டியல்களுமே உண்மையானவை என்பதால், அவற்றை எவ்வளவு நீட்டினாலும் வாதம் ஓரிடத்திலேயே நிற்கும். அரசு தலையிட்டதா இல்லையா என்று கேட்பதைவிட, எந்தக் கட்டத்தில் இருந்த தொழில்நுட்பத்தில், எந்தக் கருவியைக் கொண்டு, என்ன நிபந்தனையோடு தலையிட்டது என்று கேட்பதே தெளிவைத் தரும் என்பது என் உறுதியான எண்ணம். செலவிட்ட தொகையின் அளவைவிட, உதவி பெற்றவர்கள் தங்கள் திறமையை யாரிடம் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது என்பதுதான் விளைவைத் தீர்மானித்திருக்கிறது.

அதற்குள் செல்லுமுன், சந்தை தானாகவே போதுமான புத்தாக்கத்தை ஏன் தருவதில்லை என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஒரு நிறுவனம் பல ஆண்டுகள் உழைத்து ஒரு புதிய செய்முறையைக் கண்டறிந்தால், அதன் பலன் முழுவதும் அந்த நிறுவனத்துக்கே கிடைப்பதில்லை. அங்கு வேலை பார்த்த பொறியாளர் வேறு நிறுவனத்துக்குப் போகிறார். போட்டியாளர் அந்தப் பொருளை வாங்கிப் பிரித்துப் பார்க்கிறார். முயன்று தோற்ற வழிகூட, 'இந்தப் பக்கம் போக வேண்டாம்' என்ற அறிவை மற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. சமூகத்துக்குப் பெரும் நன்மை தரும் ஆராய்ச்சி, செலவு செய்தவருக்கு நட்டமாக முடியலாம் என்பதால், தனியார் அதில் தயங்கித்தான் முதலீடு செய்வார்கள். இதைப் பொருளியலில் சந்தைத் தோல்வி என்பார்கள். இதோடு இன்னொரு காரணமும் உண்டு. பல தொழில்நுட்பங்கள் செய்யச் செய்யத்தான் மலிவாகின்றன. முதல் ஆயிரம் பொருள்களை நட்டத்தில் விற்க யாராவது முன்வந்தால்தான் பத்து லட்சமாவது பொருள் மலிவு விலையில் வெளிவரும். அந்த முதல் ஆயிரத்தின் நட்டத்தை ஏற்றவருக்கே இறுதி லாபம் போய்ச்சேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இந்த இரண்டும் அரசு தலையிட வேண்டும் என்பதற்கான காரணங்கள். அரசால் அதைச் சரியாகச் செய்ய முடியும் என்பதற்கு இவை ஆதாரம் ஆகமாட்டா. இந்த வேறுபாட்டைப் பலர் தவறவிடுகிறார்கள். எந்தத் தொழில்நுட்பம் வெல்லும் என்பது அதை உருவாக்குபவர்களுக்கே தெரியாதபோது ஓர் அமைச்சகத்துக்கு எப்படித் தெரியும் என்பது நியாயமான எதிர்க்கேள்வி. மானியம் என்று ஒன்று அறிவிக்கப்பட்டால், நல்ல பொறியியலுக்குப் போகவேண்டிய திறமை அமைச்சர்களின் அலுவலகங்களுக்கு வெளியே காத்திருப்பதில் செலவாகிவிடும் என்பதும் மெய்தான். ஆனால் இவற்றைவிடக் கடுமையான சிக்கல் ஒன்று உண்டு. தனியார் முதலீட்டாளர் தோற்ற திட்டத்தை விட்டுவிட்டுப் போய்விடலாம். அரசு ஒரு திட்டத்தை நாட்டின் பெருமையாக அறிவித்து, அதில் பல்லாயிரம் பேருக்கு வேலையும் கொடுத்துவிட்ட பிறகு, அது தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொண்டு பணத்தை நிறுத்துவது மிகவும் அரிது.

ஒருங்கிணைந்த மின்சுற்றின் கதை

இந்தக் கேள்வியை முழுமையாகப் புரிந்துகொள்ள நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கும் ஒரே வரலாறு, இன்று எல்லா மின்னணுக் கருவிகளுக்குள்ளும் இருக்கும் சிப்பின், அதாவது ஒருங்கிணைந்த மின்சுற்றின், வரலாறு. அதில் அரசின் தோல்வி, தனியாரின் வெற்றி, அரசின் வெற்றி ஆகிய மூன்றும் சில ஆண்டுகளுக்குள் ஒரே தொழிலில் நடந்திருக்கின்றன.

1950களின் இறுதியில் அமெரிக்கப் படைகளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஏவுகணைகளுக்கும் விமானங்களுக்கும் வேண்டிய மின்னணுக் கருவிகளில் ஆயிரக்கணக்கான உறுப்புகளைக் கையால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் இணைப்பும் பழுதாகக்கூடிய ஓரிடம். தரைப்படை, ஆர்சிஏ நிறுவனத்தோடு சேர்ந்து 'மைக்ரோ மாட்யூல்' என்ற அடுக்கு முறையை ஆதரித்தது. விமானப்படை, வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் 'மூலக்கூறு மின்னணுவியல்' என்ற திட்டத்துக்குப் பணம் கொடுத்தது. அரசு கைகாட்டிய இந்த இரண்டு பாதைகளும் வெல்லவில்லை. விடை வேறிடத்திலிருந்து வந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் ஜாக் கில்பி 1958இலும், ஃபேர்சைல்டில் ராபர்ட் நாய்ஸ் 1959இலும், எல்லா உறுப்புகளையும் சிலிக்கன் போன்ற குறைகடத்திப் பொருளின் ஒரே துண்டின் மீது உருவாக்கும் வழியைத் தங்கள் நிறுவனங்களுக்காகக் கண்டறிந்தார்கள். இத்துடன் கதை முடிந்திருந்தால், தொழிற்கொள்கையை எதிர்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்திருக்காது.

கதை அத்துடன் முடியவில்லை. 1962இல் அத்தகைய ஒரு சுற்றின் சராசரி விலை ஏறத்தாழ 50 டாலர். அந்த விலைக்கு அதை வாங்க வணிக உலகில் ஆளில்லை. மினிட்மேன் ஏவுகணையின் இரண்டாம் வடிவத்துக்காக விமானப்படையும், நிலவுப் பயணத்தின் வழிநடத்துக் கணினிக்காக அப்போலோ திட்டமும் அவற்றை வாங்கின. அந்த ஆண்டு அமெரிக்காவில் உற்பத்தியான ஒருங்கிணைந்த மின்சுற்றுகளில் ஏறக்குறைய எல்லாமே அரசின் தேவைக்குத்தான் போயின. உற்பத்தி பெருகியது, குறைபாடுகள் குறைந்தன, 1968க்குள் சராசரி விலை இரண்டரை டாலருக்கும் கீழே இறங்கியது, பெரும்பகுதி உற்பத்தியை வாங்குவோராகத் தனியார் ஆகிவிட்டார்கள். கண்டுபிடிப்பு தனியாருடையது, அது ஒரு தொழிலாக நிலைபெறும்வரை தாங்கிப்பிடித்த சந்தை அரசுடையது. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்பவர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்.

அதே அரசின் ஒரு கருவி தோற்று மற்றொன்று வென்றதற்குக் காரணம் இருக்கிறது. குறைகடத்தித் துறைக்குக் கொடுக்கப்பட்ட ஆராய்ச்சிப் பணத்தில் பெரும்பகுதி, ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த பழைய வெற்றிடக்குழாய் நிறுவனங்களுக்குப் போயிற்று. விண்ணப்பங்களைப் பார்த்துப் பணம் ஒதுக்கும்போது நற்பெயரும் பழைய உறவும் எடுபடும். ஆனால் கொள்முதல் செய்யும்போது, குறிப்பிட்ட எடைக்குள், குறிப்பிட்ட வெப்பநிலையில், பழுதாகாமல் வேலை செய்யும் பொருள்தான் எடுபடும். அதைக் கொடுத்தவை பெரும்பாலும் புதிய நிறுவனங்கள். எந்த வழியில் செய்ய வேண்டும் என்பதை அரசு சொல்லாமல், என்ன செய்து முடிக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னபோது, எது வெல்லும் என்று முன்கூட்டியே அறிய வேண்டிய தேவை அதற்கு இல்லாமற்போயிற்று. அதோடு, ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கக் கூடாது என்பதற்காக, அதே பொருளைச் செய்யத்தக்க இரண்டாவது நிறுவனமும் வேண்டும் என்று படைத்துறை வற்புறுத்தியது. அந்த விதியால் தொழில்நுட்பம் ஒரு நிறுவனத்துக்குள் அடைபட்டுக் கிடக்காமல் தொழில் முழுவதும் பரவியது.

2020இல் கோவிட் தடுப்பூசிகளுக்காக அமெரிக்கா செய்ததும் இதே வகையைச் சேர்ந்தது. வெவ்வேறு அடிப்படையில் இயங்கும் பல தடுப்பூசிகளை ஒரே நேரத்தில் ஆதரித்து, ஒப்புதல் கிடைத்தால் இத்தனை அளவு வாங்குவோம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டதால், சோதனை முடிவதற்கு முன்பே உற்பத்தியைத் தொடங்கும் துணிவு நிறுவனங்களுக்கு வந்தது.

பிறர் அறிந்ததைக் கற்பதும், யாரும் அறியாததைக் காண்பதும்

தொழிற்கொள்கைக்குச் சான்றாகத் தென்கொரியாவும் தைவானும் அடிக்கடி சொல்லப்படுகின்றன. அவை உண்மையிலேயே வியப்பூட்டும் வெற்றிகள். ஆனால் தொடக்கத்தில் அவை சாதித்தது, வேறு நாடுகளில் ஏற்கெனவே இருந்த தொழில்நுட்பத்தைக் கற்றுத் தேர்ந்ததுதான். கற்றலும் புதியது காணலும் வேறுவேறு வேலைகள். கற்கும்போது போக வேண்டிய இடம் கண்முன்னே தெரிகிறது. அங்கே போய்ச்சேர்ந்தவர்களிடமிருந்து இயந்திரத்தையும் உரிமத்தையும் வாங்கலாம். எது வெல்லும் என்ற அறியாமை அங்கே குறைவு. அதனால்தான் அரசின் கை அங்கே அதிகம் பலிக்கிறது.

தென்கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீ 1973இல் எஃகு, கப்பல் கட்டுதல், இயந்திரங்கள், மின்னணுவியல், பெட்ரோ வேதிப்பொருள்கள், இரும்பல்லாத உலோகங்கள் ஆகிய ஆறு துறைகளில் நாட்டின் கடனையும் சலுகைகளையும் குவிக்கும் திட்டத்தை அறிவித்தார். அந்த ஏழை நாட்டுக்கு ஒருங்கிணைந்த எஃகு ஆலை பொருளாதார ரீதியில் தாங்காது என்று உலக வங்கி முன்னதாகவே கருதியிருந்தது. ஜப்பான் கொடுத்த இழப்பீட்டு நிதியைக் கொண்டு கட்டப்பட்ட போஹாங் ஆலை 1973இல் உற்பத்தியைத் தொடங்கி, பின்னாளில் உலகின் திறமை மிக்க எஃகு நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. இந்த வெற்றியைச் சொல்பவர்கள் பலரும் மலிவான கடனைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தக் கடனோடு கட்டப்பட்டிருந்த ஏற்றுமதி இலக்கு அதைவிட முக்கியமானது. உள்நாட்டு வாடிக்கையாளருக்கு வேறு வழியில்லை. மோசமான பொருளையும் அவர் வாங்கித்தான் ஆகவேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே ஏற்றுமதிக் கணக்கு, எந்த அதிகாரியின் பரிந்துரையாலும் திருத்த முடியாத தேர்வு முடிவாக இருந்தது. இதற்குக் கொரியா கொடுத்த விலையும் சிறிதல்ல: பணவீக்கம், தேவைக்கு மேற்பட்ட ஆலைகள், கடன் சுமை என்று அந்தத் திட்டம் 1980களின் தொடக்கத்தில் பெரும் சீரமைப்புக்கு உள்ளாயிற்று.

தைவானின் வழி சற்று வேறானது. அங்கே 1973இல் தொடங்கப்பட்ட தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஐடிஆர்ஐ, 1976இல் ஆர்சிஏவிடமிருந்து சிப் செய்யும் முறைக்கு உரிமம் பெற்று, பொறியாளர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிக் கற்க வைத்தது. அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து 1980இல் யுஎம்சி, 1987இல் டிஎஸ்எம்சி ஆகிய சிப் நிறுவனங்கள் பிரிந்து வந்தன. டிஎஸ்எம்சியின் தொடக்க முதலீட்டில் ஏறத்தாழப் பாதி அரசு நிதியிலிருந்து வந்தது, நான்கில் ஒரு பங்குக்கு மேல் பிலிப்ஸ் நிறுவனம் கொடுத்தது. கற்றல் முடிந்து புத்தாக்கம் தொடங்கும் இடம் இங்கேதான் வருகிறது. தானே சிப்புகளை வடிவமைத்து விற்காமல், மற்றவர்களின் வடிவமைப்புகளை மட்டும் உற்பத்தி செய்து கொடுக்கும் ஆலை என்ற, டிஎஸ்எம்சியின் நிறுவனர் மோரிஸ் சாங்கின் எண்ணம் அந்தக் காலத்தில் புதிது. சொந்த ஆலை இல்லாமலேயே சிப் வடிவமைக்கும் நிறுவனங்கள் உலகெங்கும் தோன்றி வளர அது வழி திறந்தது. அரசு இதைத் திட்டமிட்டுக் கண்டுபிடித்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அப்படி ஓர் எண்ணத்தைச் செயல்படுத்தத்தக்க பொறியாளர்களும் ஆலை அனுபவமும் பொறுமையான முதலீடும் ஓரிடத்தில் சேர்ந்திருந்ததற்கு அரசின் பதினான்கு ஆண்டு உழைப்பே காரணம்.

இதே காலத்தில் பிரேசில் செய்த ஒன்றையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1984இல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றி, சிறு கணினிகளின் சந்தையை உள்நாட்டு நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கியது. பாதுகாப்பு இருந்தது, சந்தையும் பெரியது. வெளியில் போய் மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லை. வெளிநாடுகளில் விற்றதைவிடப் பழைய வடிவங்கள் பல மடங்கு கூடுதல் விலையில் விற்கப்பட்டன, கடத்தல் பெருகியது, 1990களின் தொடக்கத்தில் அந்த ஒதுக்கீடே கைவிடப்பட்டது. ஆனால் அதே பிரேசிலில், 1969இல் அரசு நிறுவனமாகத் தொடங்கி, தொடக்க காலத்திலிருந்தே தன் விமானங்களை வெளிநாடுகளில் விற்க முனைந்த எம்ப்ரேயர், 1994இல் தனியார்மயமான பிறகு, நடுத்தர அளவுப் பயணிகள் விமானங்களில் உலகின் முன்னணி நிறுவனமாயிற்று. ஒரே நாடு, ஒரே காலகட்டம், இரண்டு முடிவுகள். 'அந்த நாட்டு அரசு திறமையற்றது' என்ற எளிய விளக்கம் இங்கே செல்லாது.

தேடும் பாதையில் ஜப்பான் கண்டது

பின்தொடர்பவர் முன்னணிக்கு வந்துவிட்டால் என்ன நேரும் என்பதை ஜப்பான் காட்டுகிறது. 1976 முதல் 1980 வரை நடந்த பேரளவு ஒருங்கிணைந்த மின்சுற்றுத் திட்டத்தில் புஜித்சு, ஹிட்டாச்சி, மிட்சுபிஷி, என்இசி, தோஷிபா ஆகிய ஐந்து போட்டி நிறுவனங்களின் பொறியாளர்களை அரசு ஒன்றுசேர்த்தது. எங்கே போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது: இன்னும் நுண்ணிய சுற்று, இன்னும் குறைந்த பழுது. 1980களின் நடுவில் நினைவகச் சிப்புச் சந்தையில் ஜப்பானிய நிறுவனங்கள் அமெரிக்கரை முந்தின. அந்த ஊக்கத்தில் 1982இல் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம், யாரும் போகாத பாதையில் இறங்கியது. தருக்க முறையில் சிந்திக்கும் இணைநிலைக் கணினியைச் சிறப்பு வன்பொருளோடு பத்தாண்டுகளில் உருவாக்குவது நோக்கம். ஆய்வாளர்கள் திறமையானவர்கள், பணமும் குறையவில்லை. ஆனால் சாதாரணக் கணினிகளில் பயன்படும் பொதுநோக்குச் சிப்புகள் அதற்குள் அசுர வேகத்தில் வளர்ந்து, சிறப்பு வன்பொருளின் தேவையையே இல்லாமல் ஆக்கிவிட்டன. ஒரே பாதையை முன்கூட்டித் தேர்ந்து பத்தாண்டுகள் அதிலேயே நிற்பது, இலக்கு தெரிந்த பயணத்துக்குப் பொருந்தும், தேடலுக்குப் பொருந்தாது.

கார் தொழிலில் அதே அரசின் கணிப்பு இன்னும் மோசமாகப் பிசகியது. 1960களின் தொடக்கத்தில் வணிக அமைச்சகம் கார் நிறுவனங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, புதியவர்கள் நுழைவதைத் தடுக்கும் சட்டத்துக்கு முயன்றது. சட்டம் நிறைவேறவில்லை. மோட்டார் சைக்கிள் செய்துகொண்டிருந்த ஹோண்டா 1963இல் கார் விற்பனையில் நுழைந்தது.

சூரிய ஆற்றல்: பலன் யாருக்கு?

சூரிய மின்தகட்டின் வரலாறு வேறொரு நுட்பத்தைக் காட்டுகிறது. பயன்படத்தக்க முதல் சிலிக்கன் மின்கலம் 1954இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவானது. விலை மிகுந்திருந்ததால் நெடுங்காலம் செயற்கைக்கோள்களே அதன் முக்கியப் பயனர்கள். 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஜப்பான் 1974இல் 'சூரிய ஒளித் திட்டத்தை'த் தொடங்கி ஆராய்ச்சியை நடத்தியது. 2000இல் ஜெர்மனி இயற்றிய சட்டம், சூரிய மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு உறுதியான விலையில் வாங்கிக்கொள்ள வழி செய்தது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேருவோருக்கு அந்த விலை குறைந்துகொண்டே வந்தது. அந்தச் சந்தையை நம்பிச் சீனாவில் பெரிய ஆலைகள் எழுந்தன. உலகில் இதுவரை செய்யப்பட்ட தகடுகளின் மொத்த அளவு ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் அவற்றின் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வந்திருக்கிறது. 2010க்கும் 2020க்கும் இடையில் தகட்டு விலை சுமார் 90 விழுக்காடு வீழ்ந்தது.

உலகுக்கு இது மகத்தான வெற்றி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்குப் பணம் கொடுத்தவர்கள் ஜெர்மன் மின்நுகர்வோர். அந்நாட்டின் பெரிய தகட்டு நிறுவனமான கியூ-செல்ஸ் 2012இல் திவாலாயிற்று. சீனாவின் முன்னணி நிறுவனமாக இருந்த சன்டெக்கின் முக்கியப் பிரிவும் 2013இல் அதே கதிக்கு ஆளாயிற்று. புத்தாக்கத்தை ஊக்குவிப்பதும் சொந்த நாட்டு நிறுவனங்களை வளர்ப்பதும் ஒரே நோக்கம் போல அறிவிப்புகளில் எழுதப்படுகின்றன. இங்கே முதல் நோக்கம் முழுவதுமாக நிறைவேறி, இரண்டாவது ஜெர்மனியில் முறிந்துபோயிற்று. எதை வைத்து அளக்கிறோம் என்பதைச் சொல்லாமல் இந்தக் கொள்கையை வெற்றி என்றோ தோல்வி என்றோ பேச முடியாது.

அமெரிக்கச் சூரிய மின்தகட்டு நிறுவனமான சொலிண்ட்ராவைப் பற்றிய சர்ச்சையிலும் இதே தெளிவு தேவைப்படுகிறது. அமெரிக்க எரிசக்தித் துறை 2009இல் அதற்கு 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. 2011இல் அது திவாலானது. அதே துறை 2010இல் டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. 2013இல் அது முன்கூட்டியே திருப்பிச் செலுத்தப்பட்டது. வெற்றி உறுதியில்லாத புதிய நிறுவனங்களில் பணம் போடும் துணிகர முதலீட்டில் சில நிறுவனங்கள் தோற்பது இயல்பு. ஒரு தோல்வியை வைத்துத் திட்டம் முழுவதையும் எடைபோடுவது தவறு. ஆனால் தனியார் முதலீட்டாளர் ஒரு டெஸ்லாவில் கிடைத்த பங்கு லாபத்தைக் கொண்டு பத்து தோல்விகளின் நட்டத்தை ஈடுசெய்வார். அரசுக்கோ தோற்றவற்றின் இழப்பு முழுவதும் வந்தது, வென்றதில் வட்டி மட்டுமே கிடைத்தது. கடன் என்ற கருவியிலேயே இருக்கும் குறை இது.

பணம் செலவழிக்காமலும் தொழிற்கொள்கை நடக்கும். அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 1956இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, தொலைபேசி ஏகபோகமாக இருந்த ஏடி&டி, பெல் ஆய்வுக்கூடத்தின் ஏறத்தாழ 7,800 காப்புரிமைகளைப் பிறர் கட்டணமின்றிப் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. அவற்றின் மீது எழுந்த புதிய கண்டுபிடிப்புகள் கூடின என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியது. அந்த வளர்ச்சி தொலைபேசித் துறைக்கு வெளியேதான் நிகழ்ந்தது; ஏகபோகம் அசையாமல் நின்ற தொலைபேசிக் கருவிச் சந்தைக்குள் நிகழவில்லை. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் இந்த வகையே. மருந்துக்கு அல்லாமல் அதைச் செய்யும் முறைக்கு மட்டும் காப்புரிமை என்ற விதி, புதிய செய்முறைகளைத் தேடும் வேதியியல் திறனை அந்நாட்டில் வளர்த்தது. வேறு நாடுகளில் வெவ்வேறு நிறுவனங்களிடம் காப்புரிமை இருந்ததால் ஒன்றுசேராத மூன்று எச்ஐவி மருந்துகளை ஒரே மாத்திரையாக்க அங்கே முடிந்தது. 2001இல் சிப்லா நிறுவனம் ஆண்டுக்கு 350 டாலருக்கு அந்தச் சிகிச்சையைத் தர முன்வந்தது. அதற்கு முன் பணக்கார நாடுகளில் அதன் விலை 10,000 டாலருக்கு மேல். 2005இல் உலக வணிக அமைப்பின் விதிகளுக்கேற்ப மருந்துகளுக்கும் காப்புரிமை வந்துவிட்டது. புதிய மூலக்கூறுகளைக் கண்டறிவதில் அந்தச் சட்டத்தால் அதே அளவு பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எதை ஆதாரம் என்று ஏற்பது?

ஒரு துறைக்கு உதவி கிடைத்தது, பிறகு அது வளர்ந்தது என்பது மட்டும் ஆதாரமாகாது. உதவியில்லாமலும் அது வளர்ந்திருக்கலாம்; வளரப்போகும் துறையென்று தெரிந்தே அரசு அதைத் தேர்ந்திருக்கலாம். நேர்மாறாகவும் நடக்கும். ஜப்பானின் 1955 முதல் 1990 வரையிலான கணக்குகளை ஆராய்ந்து 1996இல் வெளியான ஆய்வு, அரசின் உதவி வேகமாக வளர்ந்த துறைகளைவிட மெதுவாக வளர்ந்த துறைகளுக்கே அதிகம் சென்றது என்று கண்டது. நலிந்தவர்களின் குரலுக்கு அரசியலில் வலு அதிகம்.

ஆகவே ஆய்வாளர்கள், உதவி தற்செயலாகக் கிடைத்த சூழல்களைத் தேடுகிறார்கள். நெப்போலியன் 1806இல் பிரிட்டிஷ் சரக்குகளைத் தடுத்தபோது, தடை எல்லா இடங்களிலும் ஒரே அளவில் பலிக்கவில்லை. பிரான்சின் வடபகுதிக்குத் தென்பகுதியைவிட அதிகப் பாதுகாப்பு கிடைத்தது. அந்த வடபகுதியில்தான் இயந்திரப் பருத்தி நூற்பு அதிகம் வளர்ந்தது, போர் முடிந்த பின்னும் அந்த வேறுபாடு நீடித்தது. தற்காலிகப் பாதுகாப்பு கற்றலுக்கு உதவும் என்பதற்கு இதைவிடத் தூய சான்று அரிது. இங்கும் பரவியது ஏற்கெனவே இருந்த இயந்திரம்தான் என்பதை மறக்கக் கூடாது.

புதியது காணும் முயற்சிக்கு வேறு சான்று உண்டு. அமெரிக்க எரிசக்தித் துறை சிறு நிறுவனங்களுக்கு இரண்டு கட்டமாகக் கொடுக்கும் ஆராய்ச்சி மானியங்களில், மயிரிழையில் வென்றவர்களையும் மயிரிழையில் தவறியவர்களையும் ஒப்பிட்டு 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏறத்தாழ 1,50,000 டாலர் கொண்ட முதற்கட்ட மானியம், அந்த நிறுவனத்துக்குப் பின்னால் துணிகர முதலீடு கிடைக்கும் வாய்ப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. பல மடங்கு பெரிதான இரண்டாம் கட்ட மானியத்தால் அப்படிப்பட்ட பலன் தெளிவாகத் தெரியவில்லை. முதல் பணம், முதல் மாதிரியைச் செய்து 'இது வேலை செய்கிறதா' என்ற ஐயத்தைத் தீர்க்க உதவுகிறது. ஐயம் தீர்ந்த பிறகு தனியார் பணமே வந்துவிடுகிறது. சிறு தொகைகளைப் பலருக்குப் பரப்பி, காலத்தோடு நிறுத்துவது தேடலுக்கு ஏற்ற முறை என்பதை இந்த ஆய்வு எனக்கு உறுதிப்படுத்துகிறது. அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமையான டார்ப்பாவின் திட்ட மேலாளர்கள் சில ஆண்டுகளே பதவியில் இருப்பதும், திட்டங்களை நடுவில் நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இந்த அளவுகோல்களை 2022ஆம் ஆண்டு அமெரிக்கச் சிப் சட்டத்தின் மீது வைத்துப் பார்க்கலாம். ஏறத்தாழ 5,270 கோடி டாலர் ஒதுக்கீட்டில் 3,900 கோடி, ஆலைகள் கட்டுவதற்கான ஊக்கத்தொகை. 1,100 கோடி, ஆராய்ச்சிக்கு. இதற்கு மேல் ஆலை முதலீட்டுக்கு 25 விழுக்காடு வரிச்சலுகையையும் அச்சட்டம் 2022இல் அளித்தது. குறிப்பிட்ட கட்டங்களை முடித்த பிறகே பணம் விடுவிக்கப்படும், அதைக் கொண்டு நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கக் கூடாது என்று தொடக்கத்தில் விதிக்கப்பட்டவை நல்ல நிபந்தனைகள். ஆனாலும் ஒதுக்கீட்டின் விகிதத்தைப் பார்த்தால், இச்சட்டத்தின் முதன்மை நோக்கம் உற்பத்தி எந்த மண்ணில் நடக்க வேண்டும் என்பதே என்று தெரிகிறது. தைவானில் 2022 இறுதியிலேயே 3 நானோமீட்டர் சிப்புகளின் உற்பத்தியைத் தொடங்கிவிட்ட டிஎஸ்எம்சி, அரிசோனா ஆலையில் அதற்கு முந்தைய தலைமுறையான 4 நானோமீட்டர் முறையைத்தான் 2024இன் இறுதியில் தொடங்கியது. வழங்கல் தடைபடாமல் இருக்க வேண்டும் என்ற கவலைக்கு அந்த ஆலை பொருத்தமான பதிலாக இருக்கலாம். அது புத்தாக்கக் கொள்கையா என்று கேட்டால், நாம் பார்க்க வேண்டியது ஆலையின் பரப்பையோ அதில் வேலை பெற்றவர்களின் எண்ணிக்கையையோ அல்ல. அந்த 1,100 கோடி டாலர் எத்தனை போட்டி முயற்சிகளுக்குப் பிரிந்து போகிறது, பலன் தராத முயற்சிகள் எப்போது நிறுத்தப்படுகின்றன என்பதைத்தான்.